வியாழக்கிழமை ஆனால் நின்றுவிடும் ஆளுயரக் கடிகாரம்

வைகைக்கரை (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். பத்து வருடமாக லீட்ஸில் இருக்கிறேன். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது, ஏலத்தில் ஓர் ஆளுயரக் கடிகாரம் எடுத்தேன். தரையிலிருந்து உச்சி வரை ஏழு அடி. ஓக் மரப்பெட்டி, கதவின் ஓரங்களில் மஹோகனிப் பட்டை. வெள்ளை டயல், நாலு மூலையிலும் தங்க நிறத்தில் புடைப்பு வேலை, நடுவில் ஒரு சின்ன ஸ்ட்ராபெரிக் கொத்து. கடிகாரக்காரர் பெயரும் லங்காஷயர் ஊர் ஒன்றின் பெயரும் டயலில் இருக்கின்றன. வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் எட்டு நாள் வகை.

பிரச்சினை இதுதான். ஞாயிறு காலை சாவி கொடுக்கிறேன். திங்கள், செவ்வாய், புதன் பிசகில்லாமல் ஓடுகிறது. வியாழன் மதியத்துக்கு மேல் நின்றுவிடுகிறது. பெண்டுலத்தைத் தொட்டுவிட்டால் பத்து நிமிடம் ஓடி மறுபடி நிற்கும். இப்படியே தொட்டுத் தொட்டு ஓட்டுகிறேன். வெள்ளி மாலை தொட்டால் ஞாயிறு வரை ஓடுகிறது! மூன்று வாரமாக இதே கதை. இங்கே ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்யணும், நானூறு பவுண்டு ஆகும் என்கிறார். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

சந்தேகசாமி (ஞாயிறு, இரவு 10.05)

வியாழக்கிழமை விரதம் இருக்கிறதோ என்னவோ. ஆலங்குடிக்கு நேர்ந்துகொள்ளுங்கள்.

பழைய ஸ்பிரிங் (திங்கள், காலை 6.15)

தம்பி, நானூறு பவுண்டைப் பத்திரமாக வையுங்கள். அழுக்கால் நிற்கிற கடிகாரத்துக்குக் கிழமை தெரியாது. அது திங்களும் நிற்கும், சனியும் நிற்கும். கிழமை பார்த்து நிற்கிறது என்றால் அன்றைக்கு மட்டும் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கடிகாரத்தில் நாளுக்கு நாள் மாறுவது ஒன்றுதான், இயந்திரத்தை ஓட்டும் எடைக் குண்டுகள் (ஒன்று நேரத்துக்கு, ஒன்று மணியடிக்க) கயிற்றில் தொங்குகிற உயரம்.

வியாழன் மதியம் கதவைத் திறந்து பாருங்கள். எதையும் தொடாதீர்கள். மேலே இயந்திரம் உட்கார்ந்திருக்கும் பலகையின் அடியிலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை எத்தனை சென்டிமீட்டர், குண்டு ஆடுகிறதா, சும்மா தொங்குகிறதா என்று இரண்டையும் எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

(முப்பது வருடம் இதே வேலைதான் செய்தேன். இப்போது கண் ஒத்துழைக்கவில்லை, வாய் மட்டும் மிச்சம்.)

நிலைவாசல் (திங்கள், மதியம் 1.30)

நான் லண்டனில் தச்சு வேலை செய்யிறவன், யாழ்ப்பாணத்துக்காரன். இயந்திரம் எனக்குத் தெரியாது, மரம் தெரியும். உங்கட நாலாவது படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இயந்திரம் இருக்கிற பலகை பைன் மரம். ரம்பத் தடம் வளைந்திருக்கு, அப்படியென்றால் வட்ட ரம்பம். கிராமத்துத் தச்சன் கையால் இழைத்த 18ஆம் நூற்றாண்டுப் பலகையில் அந்தத் தடம் வராது. பலகைக்கு அடியில் இரண்டு பக்கமும் சின்னத் துண்டுப்பலகை வைத்து உயர்த்தியும் இருக்கு. விற்றவர்கள் "எல்லாம் ஒரிஜினல்" என்று சொன்னவையோ?

வைகைக்கரை (திங்கள், மாலை 6.50)

ஆமாம், அந்த வார்த்தையேதான் சொன்னார்கள். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

சந்தேகசாமி (திங்கள், இரவு 8.20)

போச்சு. இதற்குப் பெயர் 'கல்யாணம்'. அங்கே வியாபாரிகளே அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கடிகாரத்தின் இயந்திரத்தை வேறொரு கடிகாரத்தின் பெட்டிக்குள் உட்கார வைத்து, ஜோடி சேர்த்து விற்பது. புதிதாக வந்த இயந்திரத்தின் டயல் பெட்டியின் ஜன்னலுக்கு நேராக வர வேண்டுமே, அதற்குத்தான் அடியில் துண்டுப்பலகை. டயலில் எழுதியிருக்கும் ஆளே அதைச் செய்தாரா என்பதும் சந்தேகம். பெயர் எழுதுவது ஒரு தூரிகை வேலை. காசைத் திரும்பக் கேளுங்கள்.

பழைய ஸ்பிரிங் (திங்கள், இரவு 9.45)

சாமி பாதி சரி. பெயர் விஷயத்தில் முழுச் சரி, ஆனால் அதில் மோசடி எதுவும் இல்லை.

வெள்ளை டயல் பர்மிங்ஹாமில் பிறந்த சரக்கு. அதற்கு முன்னால் டயல் என்றால் பித்தளைத் தகடு, அதன்மேல் வெள்ளிப்பூச்சு வளையம், செதுக்கிய எண்களுக்குள் கறுப்பு மெழுகு, மூலைகளில் வார்ப்புப் பூவேலை. அழகுதான், ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மணி பார்ப்பது சிரமம். 1772இல் ஆஸ்பர்ன், வில்சன் என்ற இரண்டு பேர் இரும்புத் தகட்டில் வெள்ளை வண்ணம் பூசிச் சூட்டில் உலர்த்திய டயலை பர்மிங்ஹாம் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். சந்தையே அவர்கள் பக்கம் சாய்ந்தது. லங்காஷயர் கடைக்காரர் அங்கிருந்து டயலை வரவழைத்து, தன் பெயரை எழுதிக்கொள்வார். மணி வார்ப்பவர் ஒருவர், பித்தளை வார்ப்பவர் ஒருவர், பெட்டி செய்கிற தச்சர் ஒருவர். பல் வெட்டும் கருவியும் அரமும் அதே வட்டாரத்து பிரெஸ்காட், லிவர்பூல் பட்டறைகளில் கிடைக்கும். லங்காஷயர் அரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். இவ்வளவு பேர் வேலையையும் ஒன்றுசேர்த்து, அரத்தால் இழைத்து, ஓட வைத்து, "ஓடாவிட்டால் என்னிடம் வா" என்று பொறுப்பேற்றவர் பெயர்தான் டயலில் இருப்பது. கல்யாணப் பட்டுப்புடவையின் பெட்டியில் கடைப்பெயர் இருப்பது மாதிரி. நெய்தவர் யார் என்று அதில் பார்க்க முடியுமா?

ஆனால் 'கல்யாணம்' என்ற முடிவுக்கு ஒரு பலகையை மட்டும் வைத்து வர முடியாது. வைகைக்கரை, டயலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். டயலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு வார்ப்பிரும்புத் தகடு தெரிகிறதா? அதில் எழுத்து ஏதாவது இருக்கிறதா? உபயோகிக்காத ஓட்டைகள் எத்தனை?

வைகைக்கரை (செவ்வாய், இரவு 8.10)

இருக்கிறது! கறுப்பான தகடு. ஒரு மூலையில் 'வில்சன்' என்று அச்சுக் குத்தியிருக்கிறது. ஒரு மணி நேரம் தேடிவிட்டேன், காலி ஓட்டை ஒன்றுகூட இல்லை. இயந்திரத்தின் முன்தகட்டிலும் அப்படித்தான்.

பழைய ஸ்பிரிங் (செவ்வாய், இரவு 9.00)

அப்படியானால் டயலும் இயந்திரமும் பிறந்ததிலிருந்து ஜோடி. சந்தேகமே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். பித்தளை டயல் காலத்தில் டயலின் கால்கள் எங்கே வர வேண்டும் என்று கடிகாரக்காரர் தானே தீர்மானிப்பார். விலைக்கு வாங்கிய டயலில் கால்கள் முன்பே பொருத்தி வந்துவிடும். அவை சக்கரத்துக்கு நேராக வந்து தொலைத்தால்? அதற்காகவே டயலோடு இந்த நடுத்தகட்டையும் சேர்த்து விற்றார்கள். டயலின் கால் தகட்டுக்குள், தகட்டின் கால் இயந்திரத்துக்குள். டயலையோ இயந்திரத்தையோ பின்னால் எவனாவது மாற்றியிருந்தால் புது ஓட்டை போட்டாக வேண்டும், பழைய ஓட்டை அனாதையாக நிற்கும். அதை அடைக்கலாம், மறைக்க முடியாது.

ஆஸ்பர்னும் வில்சனும் 1777இல் பிரிந்துவிட்டார்கள். தகட்டில் வில்சன் மட்டும் இருப்பதால் உங்களுடையது அதற்குப் பிறகு. டயல் நடுவே காலியாக விட்டு ஒரே ஒரு பழக்கொத்து, மூலையில் தங்கப் புடைப்பு என்பதெல்லாம் ஆரம்பகால ருசி. 1800க்கு மேல் மூலை மூலையாகப் படம் வரைந்து, நாலு பருவம், நாலு கண்டம், கோட்டை, கப்பல் என்று இடமே விடாமல் அடைப்பார்கள். ஆக 1780களில் வையுங்கள். அந்த வெற்றிடம்தான் எனக்குப் பிடித்தது. வரைந்தவனுக்கு எங்கே கையை எடுப்பது என்று தெரிந்திருக்கிறது.

நுங்கம்பாக்கத்தான் (செவ்வாய், இரவு 10.30)

ஒரு சின்னக் கேள்வி. இவ்வளவு உயரப் பெட்டி எதற்கு? அலங்காரமா?

பழைய ஸ்பிரிங் (புதன், காலை 6.05)

நல்ல கேள்வி, தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள்.

பெண்டுலக் கடிகாரம் ஹாலந்து விஞ்ஞானி ஹைகன்ஸ் கொடுத்தது, 1656 கடைசியில். லண்டனில் ஃப்ரோமன்டீல் குடும்பம் 1658இலேயே அதை விளம்பரம் செய்துவிட்டது. மகனை ஹேக் நகரத்துப் பட்டறைக்கு அனுப்பிக் கற்றுக்கொண்டு வந்த வித்தை. அந்தப் பெண்டுலம் குட்டை, வீச்சு அகலம். பெட்டி எதற்கு என்றால் குண்டும் கயிறும் தொங்குவதை மூடத்தான். 1670 வாக்கில் நங்கூர வடிவத் தடுப்பான் வந்தது, பெண்டுலம் ஆட ஆடச் சக்கரத்தைப் பல் பல்லாகப் பிடித்து விடுகிற துண்டு. யார் கண்டுபிடித்தது என்று ராபர்ட் ஹூக், வில்லியம் கிளெமென்ட், ஜோசப் நிப் மூன்று பேர் பக்கமும் கட்சி கட்டுகிறார்கள். நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. அது வந்த பிறகு பெண்டுலம் நாலைந்து டிகிரி அசைந்தால் போதும் என்றாயிற்று. உடனே நீளப் பெண்டுலத்தைக் குறுகலான பெட்டிக்குள் விட முடிந்தது. ஒரு பக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் பெண்டுலத்தின் நீளம் 99.4 சென்டிமீட்டர். அதுதான் உங்கள் பெட்டியின் நடுப்பகுதி உயரத்தைத் தீர்மானித்தது. தச்சன் அளவுகோலைப் பூமியே கையில் கொடுத்த மாதிரி.

உள்ளே கணக்கும் அழகு. தடுப்பான் சக்கரத்துக்கு 30 பல், இரண்டு அடிக்கு ஒரு பல் நகரும், ஆக நிமிடத்துக்கு ஒரு சுற்று. வினாடி முள்ளை நேராக அதன் அச்சிலேயே மாட்டிவிடலாம். கயிறு சுற்றும் உருளைச் சக்கரத்துக்கு 96 பல், அது ஓட்டுவது மணிக்கு ஒரு சுற்று சுற்றும் நிமிட முள் அச்சின் 8 பல். உருளை ஒருமுறை சுற்ற 12 மணி நேரம். உருளையில் 16 சுற்றுக் கயிறு. பெருக்கிப் பாருங்கள், 192 மணி. எட்டு நாள் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நுங்கம்பாக்கத்தான் (புதன், காலை 8.40)

பெருக்கினேன். ஆறு கிலோ குண்டு ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் இறங்குவதுதான் எட்டு நாள் தீனி என்றால், மொத்தமே ஒரு கிலோ அரிசிப் பையை மூன்றாவது மாடிக்குத் தூக்கும் சக்தி. அதை வைத்துக்கொண்டு ஏழு லட்சம் தடவை டிக் என்கிறதா!

பழைய ஸ்பிரிங் (புதன், காலை 8.55)

ஆமாம். இந்தக் கணக்கை மறக்காதீர்கள். நாளைக்கு வேண்டும்.

நிலைவாசல் (புதன், இரவு 7.15)

டயலும் இயந்திரமும் ஜோடி, சரி. பெட்டி? வைகைக்கரை, தலைப்பெட்டியை முன்னால் இழுத்தால் கழன்று வரும். மெல்ல இழுங்கோ, உச்சியில் பந்து இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கோ. எனக்கு மூன்று படம் வேணும். ஒன்று, டயல் ஓரமும் ஜன்னல் சட்டமும் சேர்கிற இடம். இரண்டு, பெட்டியின் பக்கப்பலகைகளின் மேல்முனை, அந்தத் துண்டுப்பலகைகளுக்குக் கிட்ட. மூன்று, உள்ளே பின்பலகை, பெண்டுலக் குண்டு ஆடுகிற மட்டத்தில்.

வைகைக்கரை (புதன், இரவு 9.30)

போட்டுவிட்டேன். தலைப்பெட்டியை இழுக்கும்போது உயிர் போய் வந்தது.

நிலைவாசல் (புதன், இரவு 11.10)

இனி நான் சொல்வதைக் கேட்டு நித்திரை கொள்ளுங்கோ.

முதல் படம்: டயலுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி நாலு பக்கமும் ஒரே அளவு. வேறு டயலுக்குச் செய்த பெட்டியென்றால் ஒரு பக்கமாவது டயல் சட்டத்துக்குள் ஒளியும், அல்லது விளிம்பு வெளியே தெரியும்.

மூன்றாவது படம்தான் எனக்குப் பிடித்தது. பின்பலகையில் ஆணியால் கீறின மாதிரி ஒரு வில் தெரியுது பார்த்தீர்களோ? உங்கட பெண்டுலக் குண்டு இப்ப ஆடுகிற அதே மட்டத்தில், அதே அகலத்தில். எப்பவோ பெண்டுலம் பின்னால் சாய்ந்து வருடக்கணக்காகப் பலகையை உரசி இருக்கு. மரம் அதை எழுதி வைத்திருக்கு. அந்தப் பின்பலகையின் மற்றப் பக்கத்தை ஒருத்தரும் இழைக்கவே இல்லை, சுவரைப் பார்க்கிற பக்கம்தானே என்று விட்டிட்டினம். ஆனால் கதவுப் பலகை பாருங்கோ, ஓக் மரத்தை நடுவிலிருந்து ஆரமாக அறுத்து எடுத்தது, அதனால்தான் அந்த வெள்ளிக் கீற்றுகள். அப்படி அறுத்தால் மரம் வீண் அதிகம், ஆனால் பலகை வளையாது. இருநூறு வருடத்துக்கு மேலாகியும் கதவு முறுக்கவில்லை. எங்கே காசைக் கொட்ட வேணும், எங்கே மிச்சம் பிடிக்க வேணும் என்று அந்தத் தச்சனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடாத விஷயம் அது.

இரண்டாவது படம்: பக்கப்பலகை முனையில் பழைய ஆணி ஓட்டைகள் இருக்கு, சுற்றிவரக் கறுப்பு. ஓக்கில் இரும்பு பட்டால் அப்படித்தான் கறுக்கும். பழைய பலகையை அடித்த ஆணி அவை. அந்தப் பலகை உளுத்துப் போய், யாரோ ஒருத்தர் மெல்லிய பைன் பலகை போட்டிருக்கிறார். மெல்லியது என்பதால் உயரம் குறைஞ்சுது, அதுக்குத்தான் துண்டுப்பலகை. அந்தத் துண்டுகளின் உயரமும் புதுப் பலகையின் கனமும் சேர்ந்தால் பழைய பலகையின் கனம் வரும்.

இது கல்யாணம் இல்லை. ஒரே குடும்பம். நாற்காலி மட்டும் புதுசு.

சந்தேகசாமி (புதன், இரவு 11.40)

சரி, பெட்டி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "எல்லாம் ஒரிஜினல்" என்று சொன்னது பொய்தானே?

நிலைவாசல் (புதன், இரவு 11.50)

பொய்தான். அதோட, அந்தப் புதுப்பலகையை ஆணியோ திருகோ இல்லாமல் சும்மா வைத்திருக்கினம். கையால் அசைத்துப் பாருங்கோ.

வைகைக்கரை (வியாழன், பிற்பகல் 3.20)

வீட்டிலிருந்தே வேலை இன்று. கதவைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

2.50க்குப் பார்த்தேன். பலகையின் அடியிலிருந்து குண்டின் நடு வரை 97 செ.மீ. இரண்டு குண்டும் பக்கவாட்டில் ஆடுகின்றன, கிட்டத்தட்ட அரை அங்குலம்! அவை ஆட ஆடப் பெண்டுலத்தின் வீச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. 3.08க்கு ஒரு டிக் கேட்டது, டாக் வரவில்லை. நின்றுவிட்டது. குண்டுகள் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. எனக்குப் புல்லரிக்கிறது.

பலகையும் ஆடுகிறது. பெட்டி கம்பளத்தின் மேல் நிற்கிறது, சுவரில் எதுவும் பிடிக்கவில்லை.

பழைய ஸ்பிரிங் (வியாழன், மாலை 4.00)

திருடன் அகப்பட்டான்.

கயிற்றில் தொங்கும் குண்டும் ஒரு பெண்டுலம்தான். அதன் நீளம் தினமும் சுமார் 17 சென்டிமீட்டர் கூடிக்கொண்டே போகிறது. ஞாயிறு கட்டை, திங்கள் கொஞ்சம் நீளம், வியாழன் அன்று உண்மையான பெண்டுலத்தின் நீளத்துக்கே வந்து நிற்கிறது. பெட்டி உறுதியாக இருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. உங்கள் பெட்டி கம்பளத்தில் மிதக்கிறது, பலகை தளர்ந்திருக்கிறது. பெண்டுலம் வீசும்போது பெட்டியும் மயிரிழை அசைகிறது. அந்த அசைவு குண்டுக்குப் போகிறது. ஒத்த நீளம் என்பதால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி ஒவ்வொரு தள்ளும் சேர்ந்துகொள்கிறது. ஆடுவதற்கான சக்தி எங்கிருந்து? பெண்டுலத்திடமிருந்து. நேற்று நுங்கம்பாக்கத்தார் போட்ட அரிசிப் பைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அதில் பங்கு கொடுக்க ஏது மிச்சம்? நீங்கள் தொட்டுத் தொட்டு ஓட்டியதில் வெள்ளி மாலைக்குள் குண்டு இன்னும் கொஞ்சம் இறங்கிவிடும், நீளம் ஒத்துப்போகாது, பிணக்கு தீர்ந்துவிடும்.

ஹைகன்ஸ் 1665இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, ஒரே உத்திரத்தில் தொங்கவிட்ட இரண்டு கடிகாரங்களின் பெண்டுலங்கள் எப்படி விட்டாலும் அரை மணி நேரத்துக்குள் எதிரெதிராக ஒத்து ஆடுவதைக் கவனித்தார். இரண்டுக்கும் நடுவில் தூது போனது உத்திரம். உங்கள் வீட்டில் தூது போவது தளர்ந்த பலகை.

செய்ய வேண்டியது: பலகையைப் பக்கப்பலகைகளோடு திருகால் பிடியுங்கள். கம்பளத்தை வெட்ட வேண்டாம், கால்களுக்கு அடியில் மரத்தகடு வைத்து மட்டம் பாருங்கள். பின்பலகையின் மேற்பகுதியைச் சுவரோடு ஒரு திருகால் இறுக்குங்கள். பழைய திருகு ஓட்டை அங்கேயே இருக்கும், தேடுங்கள். புதிதாகத் துளைக்காதீர்கள்.

அப்புறம் டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று காதால் கேளுங்கள். நொண்டினால் பெண்டுலத்தைத் தள்ளிவிடும் கம்பியை நொண்டும் பக்கம் துளி வளைக்க வேண்டும். துளி என்றால் துளி.

நுங்கம்பாக்கத்தான் (வெள்ளி, காலை 9.10)

வைகைக்கரை ஒருநாள் இதை மதுரைக்குக் கொண்டுவந்தால்?

பழைய ஸ்பிரிங் (வெள்ளி, காலை 10.00)

ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். பழுது இல்லை. பூமத்திய ரேகைப் பக்கம் புவியீர்ப்பு குறைவு. 1672இல் ரிஷேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸிலிருந்து தென்னமெரிக்கக் கயேனுக்குக் கடிகாரம் கொண்டுபோய், தினம் இரண்டரை நிமிடம் பின்தங்குகிறதே என்று குழம்பினார். பூமி சரியான உருண்டை இல்லை என்பதற்கு அதுவே ஒரு சாட்சி ஆயிற்று. மதுரையில் பெண்டுலக் குண்டின் அடித்திருகை மூன்று மில்லிமீட்டர் சொச்சம் ஏற்றினால் சரியாகிவிடும். வெயிலுக்கு இரும்புக் கம்பி நீள்வதற்கு இன்னும் துளி.

உங்கள் பேட்டைக்கும் இதில் பங்கு உண்டு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்திலும் லண்டனில் செய்த பெண்டுலக் கடிகாரத்தை வைத்துத்தான் நட்சத்திரம் பார்த்தார்கள். ஜான் ஷெல்டன் செய்த அந்தக் கடிகாரம் இப்போது கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது. கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நிலைவாசல் (வெள்ளி, மதியம் 12.45)

தச்சன் பெருமையையும் சொல்லிவிடுறேன். ஜான் ஹாரிசன் பிறந்தது உங்கட லீட்ஸுக்குக் கிட்ட ஃபௌல்பி என்ற ஊரில், 1693இல். தச்சன் மகன். அவர் 1713இல் செய்த ஆளுயரக் கடிகாரத்தில் சக்கரமே ஓக் மரம். பிற்பாடு பிராக்ல்ஸ்பி பார்க் என்ற இடத்துக் குதிரை லாயத்துக்குச் செய்ததில், அச்சு சுழல்கிற இடத்தில் தானாக எண்ணெய் கசிகிற ஒரு வைர மரத்தை வைத்தார். அதுக்கு எண்ணெயே விடத் தேவையில்லை. கடலில் தீர்க்கரேகை பார்க்கிற கடிகாரத்துக்கு அவர் போனது அதுக்குப் பிறகுதான்.

வைகைக்கரை (ஞாயிறு, இரவு 8.00)

பலகையைத் திருகியாயிற்று. பின்பலகையில் பழைய சுவர்த்திருகு ஓட்டை இரண்டு இருந்தது, ஒன்றிலேயே புதுத் திருகு போட்டேன். டிக் டாக் கொஞ்சம் நொண்டியது, கம்பியை வளைத்தேன். சாவி கொடுத்துவிட்டேன்.

வைகைக்கரை (வியாழன், இரவு 11.25)

ஓடுகிறது! 97 செ.மீ.யைத் தாண்டிவிட்டது. குண்டுகள் விபூதி பூசிய சாமியார் மாதிரி அசையாமல் தொங்குகின்றன.

இப்போது வேறு பிரச்சினை. இரவு பன்னிரண்டு அடிக்கும்போது பாப்பா எழுந்துவிடுகிறாள். மணி பக்கத்துக்குச் சாவி கொடுக்காமல் விட்டுவிடலாமா?

பழைய ஸ்பிரிங் (வெள்ளி, காலை 6.00)

விடாதீர்கள். இந்த வகையில் எத்தனை அடிக்க வேண்டும் என்று ஒரு பல்பட்டை கீழே விழுந்து அளவெடுக்கும், அடித்து முடித்ததும் மேலே ஏறிக்கொள்ளும். மணி ஓடாவிட்டால் அது விழுந்தபடியே கிடக்கும். பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது நத்தை வடிவத் தகட்டின் படி அதில் முட்டிக் கடிகாரத்தையே நிறுத்திவிடக்கூடும். அப்புறம் 'ஒரு மணிக்கு நின்றுவிடும் கடிகாரம்' என்று இன்னொரு இழை தொடங்குவீர்கள்.

மணியடிக்கும் சுத்தியலின் முகத்தில் மெல்லிய தோல் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டுங்கள். சுத்தியலை வளைக்காதீர்கள், பசை போடாதீர்கள்.

வைகைக்கரை (வெள்ளி, இரவு 9.15)

தோல் கிடைக்கவில்லை. பாப்பாவின் பழைய காலுறை ஒன்றை மாட்டி நூலால் கட்டிவிட்டேன். ஒன்பது அடித்தது, அடுத்த அறையில் கேட்கவில்லை.

நிலைவாசல் (வெள்ளி, இரவு 9.40)

மற்றக் காலுறையைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கோ. நூறு வருடம் கழித்துத் திறக்கிறவன் யோசிக்கட்டும்.